எந்தக் கெட்டவனில் தொடங்கலாம்?

பெரியம்மா மகளுக்குக் கால் எலும்பில் விரிசல், மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது. அந்த நிலையில்தான் அக்கா போன் செய்தாள். “சீனக் காதல் டிராமா ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு. ஹீரோ ரொம்ப நல்லவனா இருந்தா வேண்டாம், போரடிக்கும்.”

ஐந்து பெயர்கள் உடனே வாயில் வந்தன. ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் யோசனைதான் இது. கதைகளின் பாதித் தூரம் வரை சொல்லப் போகிறேன். முடிவு சோகமா, சுபமா என்பதையும் சொல்வேன், ஏனென்றால் தேர்வு செய்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும். அதற்கு மேல் எதுவும் தெரிய வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம்.

அக்கா கேட்டது புதிதல்ல. இந்த மாதிரி நாயகர்களுக்குச் சீன ரசிகர்கள் தனி அகராதியே வைத்திருக்கிறார்கள். ‘மெய் சியாங் சான்’ என்பார்கள்: அழகு, பலம், அவலம். மூன்றும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். வரிசையைக் கவனியுங்கள், அழகுதான் முதலில். நான் அலசப்போகும் பாவங்களையெல்லாம் சுமாரான முகம் உள்ள ஒருவன் செய்திருந்தால் நாம் மன்னித்திருப்போமா என்று கேட்டால் என்னிடம் நேர்மையான பதில் இல்லை. ‘ஜா நான்’ என்றால் குப்பை ஆண், பெண்ணை ஏமாற்றுகிறவன். இவற்றைவிட எனக்குப் பிடித்தது சுடுகாட்டுச் சொல்தான். முதலில் மனைவியை மதிக்காமல் வதைத்து, அவள் போன பிறகு அலறிக்கொண்டு பின்னால் ஓடுகிறவனின் கதைக்கு ‘மனைவியைத் துரத்தும் சுடுகாடு’ என்று பெயர். கதை அந்தக் கட்டத்துக்கு வந்ததும், அவன் வேகட்டும் என்று பாப்கார்னோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதிலேயே பாதி விடை இருக்கிறது. கெட்டவனை நமக்குப் பிடிப்பது அவன் கெட்டவன் என்பதற்காக அல்ல. அவன் கணக்கை யாரோ எழுதிவைக்கிறார்கள், ஒருநாள் வசூலிப்பார்கள் என்ற எதிர்பார்ப்புக்காக. நல்லவன் பெயரில் கடன் இல்லை, ஆகவே காத்திருக்கவும் எதுவும் இல்லை. எனவே நான் தொடர்களை அளந்தது ஒரே கேள்வியை வைத்துத்தான்: இந்தக் கதையில் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

நேரக் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2020 பிப்ரவரியில் சீன ஒளிபரப்புத் துறை ஒரு தொடர் 40 எபிசோடைத் தாண்டக்கூடாது என்றது. அதற்கு முன் வந்தவை 50, 60, 70 என்று சர்வ சாதாரணமாகப் போகும். எபிசோடுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 40 எபிசோட் என்பது 30 மணி நேரம். படுத்திருப்பவளுக்கு அது பெரிய விஷயம் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே பார்ப்பவர்களுக்கு ஒரு மாதம்.

முதலில் எல்லோரும் சிபாரிசு செய்வது 2022 ஆகஸ்டில் வந்த ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’. 36 எபிசோட், நெட்ஃபிளிக்ஸிலும் வந்தது. 30,000 ஆண்டுகளாகக் கோபுரத்தில் அடைபட்டுக் கிடக்கும் நிலவுக் குலத் தலைவன் தோங்ஃபாங் சிங்சாங். சின்ன வயதிலேயே அவனுடைய ஏழு உணர்ச்சிகளும் பிடுங்கப்பட்டுவிட்டன. அழுகை தெரியாது, சிரிப்பு தெரியாது, இரக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. விதி ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலைத் தேவதை ஒருத்தி, ஒரு ஆர்கிட் பூ, தவறுதலாக அந்தக் கோபுரத்துக்குள் விழுந்து அவனை விடுவித்துவிடுகிறாள். அதோடு ஒரு சாபமும் ஒட்டிக்கொள்கிறது. அவளுக்கு அடிபட்டால் அவனுக்கு வலிக்கும், அவள் மனம் நொந்தால் அவன் கண்ணில் நீர் வரும்.

உலகத்தையே நடுங்க வைத்தவன் கன்னத்தில் வழியும் ஈரத்தை விரலால் தொட்டு, இது என்ன என்று புரியாமல் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. அவனாக நடிக்கும் வாங் ஹெதி அந்த இடத்தில் முகத்தில் எதையுமே செய்யமாட்டார், கண்ணீர் மட்டும் பாட்டுக்கு இறங்கும். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஏதோ செய்தது. அப்புறம் உடல் மாறிப்போகும் எபிசோடுகள் வேறு. அந்த ஆறடி மனிதர், நாயகியாக நடிக்கும் யூ ஷூசின் போலவே சிணுங்கி நடப்பதைப் பார்க்கவே தனியாகச் சந்தா கட்டலாம்.

இங்கே கணக்குப் புத்தகம் சாபத்தின் கையில். அவளுக்கு நோகும்போதெல்லாம் அவன் கணக்கிலிருந்து தானாகவே பிடித்தமாகிவிடும், மாதத் தவணை மாதிரி. அதனால்தான் இதைப் பார்க்கும்போது மனசு கனப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. இவனுடைய பெரிய பாவங்கள் எல்லாம் கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்தவை. ஊரார் சொல்லித்தான் கேட்கிறோம், கண்ணால் பார்ப்பதில்லை. அவளைப் பலி கொடுத்தால் அடைபட்டுக் கிடக்கும் தன் 1,00,000 வீரர்களை மீட்கலாம் என்ற இக்கட்டு வரும்போது மட்டும் கதைக்கு உண்மையிலேயே பல் முளைக்கிறது. அந்த நேரத்தில் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, அது நமக்கே சங்கடமாக இருக்கும். மற்றபடி இது சாயம் போகும் கறுப்பு, இரண்டு தண்ணீரில் வெளுத்துவிடும். முடிவு மனதுக்கு இதமானது. உடம்பு முடியாதவளுக்குக் கொடுக்க இதைவிடப் பாதுகாப்பான மருந்து இல்லை.

ஆனால் அவள் கேட்டது மருந்து இல்லை.

‘குட்பை மை பிரின்சஸ்’, சீனத்தில் ‘தோங் கொங்’, அதாவது கிழக்கு அரண்மனை. பட்டத்து இளவரசன் வாழும் இடத்துக்கு அந்தப் பெயர். 2019 பிப்ரவரியில் வந்தது, 50 எபிசோடுக்கு மேல். இதில் மந்திரம், சாபம், தேவலோகம் எதுவும் கிடையாது. மேற்குப் பாலைவன நாட்டின் ஒன்பதாவது இளவரசி சியாவ்ஃபெங். தேயிலை வியாபாரி கு சியாவ்வு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். மின்மினிப் பூச்சிகளைப் பிடித்து வந்து அவளுக்காகப் பறக்கவிடுகிறான். அவனை மணந்துகொள்ள அவள் சம்மதிக்கிறாள். கல்யாணச் சந்தடியில் அவன் கொண்டுவந்த படை, அவளுடைய தாத்தாவின் குலத்தை வெட்டிச் சாய்க்கிறது. வியாபாரி உண்மையில் பேரரசரின் மகன் லி செங்யின். அரியணைக்கு ஏறும் ஏணியில் அவளும் ஒரு படி.

சரி, இவன் நடித்தான், ஏமாற்றினான் என்று மூடிவிடலாம் என்றால் கதை விடாது. எல்லாவற்றையும் மறக்கடிக்கும் நதி என்று சொல்லப்படும் ஆற்றுக்குள் அவள் குதிக்கிறாள். அவளைக் கொன்றது போலச் செய்துவிட்ட அவன், ஒரு நொடிகூட யோசிக்காமல் பின்னாலேயே குதிக்கிறான். அரியணையைப் பற்றிக் கணக்குப் போட்டே வளர்ந்தவன் கணக்கில்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான். காதல் நிஜம், துரோகமும் நிஜம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது. சென் சிங்சூவின் நடிப்பைப் பற்றி எத்தனை பேர் பேசினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: அவர் அந்த இரண்டையும் ஒரே பார்வையில் வைத்திருப்பார்.

இருவரும் பிழைத்துக்கொள்கிறார்கள், நினைவு போய்விடுகிறது. சமாதான உடன்படிக்கையின் பேரில் அவளை அதே ஆளுக்கே மனைவியாக அனுப்புகிறார்கள். அரண்மனையில் அவனுக்கு வேறொரு பெண்மேல் பிரியம், இவளோ வெளியூர்க்காரி, முறை தெரியாதவள், கேலிப் பொருள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு, முறைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மறுபடியும் நெருங்குகிறார்கள். பார்க்கும் நமக்கு வயிற்றைக் கலக்கும். சாதாரணக் காதல் கதையில் இருவரும் நெருங்கினால் சந்தோஷப்படுவோம். இங்கே அவள் அவனைப் பார்த்துச் சிரித்தால் ‘வேண்டாம்மா’ என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றும். கடன் வாங்கியவனுக்கும் நினைவில்லை, கொடுத்தவளுக்கும் நினைவில்லை. புத்தகம் நம் கையில் மட்டும் இருக்கிறது. முப்பது எபிசோட் அதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் பார்த்தவற்றில் பார்வையாளனை இப்படிச் சாட்சியாக்கி விட்ட தொடர் வேறொன்று இல்லை. இதைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அங்கே இரண்டு கட்சி இருக்கும். ‘ஜா நான்’ கட்சி ஒன்று. வேறு வழி இல்லாமல் போனவன், அரண்மனை அவனை அப்படி ஆக்கியது என்கிற கட்சி ஒன்று. நான் முதலில் பார்த்தபோது இரண்டாவது கட்சியில் இருந்தேன். மறுபடி பார்த்தபோது மாறிவிட்டேன். வயதாகிவிட்டது போல.

குறை இல்லாமலில்லை. நடுவில் அரண்மனைச் சதிகள் இழுவை, சில எபிசோடுகளை ஓட்டிவிட்டே பார்க்கலாம். முடிவு படு சோகம். ‘பி.இ.’ என்று ரசிகர்கள் சுருக்கமாகச் சொல்லும் துயர முடிவுக்கு உதாரணம் கேட்டால் பலர் முதலில் நீட்டுவது இதைத்தான்.

பி.இ. என்றதும் ‘டில் தி எண்ட் ஆஃப் தி மூன்’ நினைவுக்கு வரும். அதன் மூல நாவலின் தலைப்பிலேயே அந்த இரண்டு எழுத்தும் இருக்கின்றன. 2023 ஏப்ரல், 40 எபிசோட். அசுரக் கடவுள் உலகை அழித்துக்கொண்டிருக்கிறான். அவன் அசுரனாகும் முன்பே தடுக்க லி சூசூ என்ற பெண் 500 ஆண்டுகள் பின்னோக்கிப் போகிறாள். போய் விழிக்கும்போது தளபதி மகளின் உடலில் இருக்கிறாள், அவளுக்குக் கணவனாக வாய்த்திருப்பவன் அதே ஆள்தான். தாந்தாய் ஜின், எதிரி நாட்டில் பணயமாக வளர்ந்த இளவரசன். எல்லோரும் அடிக்கிறார்கள், துணைக்குக் காக்கைகள் மட்டும்தான். அவனாக நடிக்கும் லுவோ யுன்சியின் மெலிந்த முகமும், அடி வாங்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் அந்தப் பார்வையும் முதல் பத்து எபிசோடைத் தாங்குகின்றன. உடைகளிலும் அரங்குகளிலும் சீனாவின் துன்ஹுவாங் குகை ஓவியங்களின் சாயல் இருக்கும், கண்ணுக்கு விருந்து.

இங்கே கணக்கு முன்கூட்டியே எழுதப்பட்டது. அவன் இன்னும் செய்யாத குற்றத்துக்கு அவள் தண்டனையோடு வந்து நிற்கிறாள். அதுவும் எப்படி? அவனுக்குள் காதல் முளைத்தால்தான் அவனை அழிக்கும் ஆணிகள் உருவாகும். ஆகவே அவள் அவனைக் காதலிக்க வைக்க வேண்டும், வைத்துவிட்டுக் குத்த வேண்டும். இப்போது யார் கெட்டவர்? இந்தக் கேள்வியை எழுப்பியதற்காகவே இந்தத் தொடரைப் பார்க்கலாம். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கல். சின்ன வயதில் அவன் பட்ட அடிகளை அத்தனை முறை காட்டும்போது, கதை நம் கையைப் பிடித்து ‘பாவம் பார், பாவம் பார்’ என்று இழுப்பதாகத் தோன்றும். அடிபட்ட குழந்தை எல்லாம் கொலைகாரன் ஆவதில்லையே. ஒருவன் கொடுமைக்குக் காரணம் சொல்வது வேறு, அதையே அவனுக்கு ரசீதாகக் கிழித்துக் கொடுப்பது வேறு. தொடர் இரண்டையும் அவ்வப்போது குழப்பிக்கொள்கிறது. இரண்டாம் பாதியில் புராணக் கட்டமைப்பு வேறு அடுக்கடுக்காக வந்து விழுகிறது. அவள் போன பிறகு அவளுடைய ஆன்மாவைத் தேடி அவன் நதியில் கிடந்து அலையும் ஆண்டுகள் மட்டும் விதிவிலக்கு. சுடுகாட்டுச் சொல்லுக்கு அதைவிட நேரான படம் இருக்க முடியாது.

கெட்டவன் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன், கெட்டவள் கிடையாதா? உண்டு, அதற்கு 2023 நவம்பரில் வந்த ‘ஸ்டோரி ஆஃப் குன்னிங் பேலஸ்’, 38 எபிசோட். போன பத்தியின் லி சூசூவாக நடித்த அதே பாய் லூ. பட்டத்தரசி ஆவதற்காகக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பயன்படுத்திக்கொண்ட ஜியாங் சுவேநிங், எல்லாம் சரிந்த நாளில் உயிரை விடுகிறாள். கண் விழித்தால் இளம்பெண்ணாக, பழைய வீட்டில், இன்னும் எந்தத் தவறும் செய்யாத நாளில். அவளுக்காக நெறி தவறிச் சிறைக்குப் போன நேர்மையான அதிகாரி ஜாங் ஜே எதிரில் நடந்து போகிறார். அவருக்கு இவளை யாரென்றே தெரியாது. தரவேண்டிய கடன் இவளுக்கு மட்டும் நினைவிருக்கிறது. வாங்க வேண்டியவர் கேட்கவே இல்லை. ‘தோங் கொங்’கின் கணக்கைக் குப்புறக் கவிழ்த்தது மாதிரி. ஆசிரியராக வரும் சியே வெய், மென்மையாகப் புன்னகைத்து வீணை போன்ற ‘குசின்’ வாசித்துக் காட்டும் மனிதர். இவர் பின்னால் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும், ஆகவே அந்தப் புன்னகையைக் கண்டால் நடுங்குகிறாள். அவரோ ராத்திரி அடுக்களையில் நின்று அவளுக்குப் பிடித்த பலகாரம் செய்கிறார். இது எனக்குப் பிடித்த தொடர்தான். என்றாலும் அரசியல் முடிச்சுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் சப்டைட்டில் படிப்பவளுக்கு ஒத்துவராது.

கடைசியாக ‘லாஸ்ட் யூ ஃபாரெவர்’. 2023 ஜூலையில் 39 எபிசோட், அடுத்த ஜூலையில் 23. கூட்டிப் பார்த்தால் 62, அப்போதைய வரம்பு 40. ஏன் இரண்டாகப் பிரித்தார்கள் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. நாயகி சியாவ்யாவ் ஆண் வேடத்தில் ஒரு சின்ன ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றி மூன்று ஆண்கள். உறவுக்காரன் சாங்சுவான் அரியணைக்காகத் தன் காதலையே அடகு வைத்துவிட்டு, பிறகு மீட்க முடியாமல் தவிப்பவன். அவனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். என் கண் போனது சியாங்லியூ பக்கம். ஒன்பது தலைப் பேய், வெள்ளை முடி, முகமூடி. தோற்றுப்போன ஒரு நாட்டின் மிச்சப் படைக்குத் தளபதி. வெல்லவே முடியாத போர் என்று அவனுக்குத் தெரியும். அடிமையாகக் கிடந்தவனை மனிதனாக நடத்திய ஒரு பெரியவருக்காக அங்கே நிற்கிறான்.

இவனுக்கும் அவளுக்கும் நடக்கும் எல்லாமே பேரம். அவள் விஷம் தயாரித்துக் கொடுக்க வேண்டும், அவனுக்கு விஷம்தான் தீனி. அவள் விஷத்தையே பூ மாதிரி, பட்சணம் மாதிரி அழகாகச் செய்து அனுப்புவாள். அவன் ஒன்றும் சொல்லாமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். வில்வித்தை கற்றுக்கொடுப்பதும் கூலிக்காக என்பான். குற்றுயிராகக் கிடந்தவளைக் கடலடியில் சிப்பிக்குள் வைத்து 37 ஆண்டு காப்பாற்றியதையும் வேறொரு பேரத்தின் பாக்கி என்று சொல்லிவிடுவான். அவனாக நடிக்கும் டான் ஜியான்சி இதை எல்லாம் சலித்த குரலில், அவளைப் பாராமலே சொல்வார். எங்கேயாவது ஒரு இடத்தில் நமக்குப் புரிந்துவிடும்: ஒவ்வொரு உதவியையும் இவன் வியாபாரமாக எழுதி உடனுக்குடன் நேர் செய்துகொள்கிறான், தான் போனபின் அவள் பேரில் ஒரு பைசா பாக்கி நிற்கக்கூடாது என்று. மற்ற நாயகர்கள் எல்லாம் கடனாளிகள். இவன் தனக்கு வரவேண்டியதை எழுதவே இல்லை.

இப்படிப் பார்த்தால் ஐந்தில் என் மனதுக்கு நெருக்கமானவன் சியாங்லியூதான். ஆனாலும் முதல் தொடராக இதைச் சொல்ல மாட்டேன். 62 எபிசோடில் அவன் வருவது கொஞ்ச நேரம், அவனுக்காகக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். இந்தக் கதைகள் கொஞ்சம் பழகியவர்களுக்குத்தான் அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று கண்ணுக்குப் படும்.

ஆக, முதல் தடவை சீன டிராமா பார்க்கிறவர்கள், அழுது வீங்கிய கண்ணோடு மறுநாள் ஆபீஸ் போக முடியாதவர்கள், ‘லவ் பிட்வீன் ஃபேரி அண்ட் டெவில்’ பாருங்கள். ‘டில் தி எண்ட் ஆஃப் தி மூன்’ காட்சி அழகுக்காகப் பார்ப்பவர்களுக்கு. கதாநாயகியே தப்பு செய்தவளாக இருக்க வேண்டும், அவளே திருத்த வேண்டும் என்றால் ‘குன்னிங் பேலஸ்’. ஆனால் ‘ரொம்ப நல்லவனா இருந்தா வேண்டாம்’ என்று வாய்விட்டுக் கேட்டவளுக்கு ‘தோங் கொங்’ தவிர வேறு எதைக் கொடுத்தாலும் ஏமாற்று வேலை. மற்ற நான்கிலும் ஏதோ ஒரு சாபமோ, மறுபிறவியோ, கடலடிச் சிப்பியோ வந்து பாரத்தில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொள்கிறது. இதில் அந்த வசதி இல்லை.

அப்படித்தான் சொன்னேன். இரண்டு எச்சரிக்கைகளும் சேர்த்து: முடிவு சோகம், நடுவில் கொஞ்சம் ஓட்டிப் பார்.

ஐந்தாம் நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. “ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஞாபகமில்ல. அவ அவன் கையால சாப்பிட்டுட்டு சிரிக்கிறா. எனக்கு மட்டும் எல்லாம் ஞாபகமிருக்கு. உன்ன யாரு இத சொல்லச் சொன்னா?”

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அடுத்த எபிசோட் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.